நாற்காலி நகர்ந்த எட்டு நாள்

சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் தோல் பையால் தண்ணீர் பீய்ச்சியவர்களைப் பார்த்து மிரண்ட என் இரண்டரை வயது மகள், அன்றிலிருந்து தன் கட்டிலில் தனியாகப் படுக்கவே மறுத்தாள். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். ஜீரோ வாட் பல்பு போட்டேன், அழுகை கூடியது. பத்து நாள் போனது.

அப்புறம் பல்பை எரியவிட்டு, அவள் தலையணையில் நானே படுத்துப் பார்த்தேன். கதவுக் கொக்கியில் தொங்கிய என் சட்டையின் நிழல் ஃபேன் காற்றில் ஆடி, பையோடு ஆள் நிற்பது போலவே தெரிந்தது! நின்று பார்த்தால் கண்ணில் படாது.

சட்டையை எடுத்தேன். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வாசல் பக்கம் நகர்த்தினேன். பேச்சு கிடையாது, தட்டிக்கொடுப்பது மட்டும். எட்டாம் நாள் நாற்காலி கூடத்துக்கு வந்துவிட்டது. அவள் விடியும்வரை எழவில்லை.