ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வரலாற்றைத் துருவுவது எப்படி

ஒரு பதிப்பகத்தின் வரலாறு வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் இணையத்தளத்தில் இருக்கும் ‘எங்களைப் பற்றி’யைத்தான். பாருங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே கிடைப்பது நாலு வரி, அதிலும் நல்ல சேதி மட்டும். மிச்சக் கதை புத்தகங்களுக்குள்ளேயே கிடக்கிறது, தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் வருமே, பொடி எழுத்தில், யாரும் படிக்காத பதிப்பு விவரப் பக்கம், அங்கேதான்.

நம்மூர் சிங்கப்பூரின் என்யுஎஸ் பிரஸ்ஸையே, அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர் எந்தெந்த ஆண்டில் மாறியது என்று எழுதி வையுங்கள், இது இல்லாமல் இறங்கினால் நிச்சயம் குழம்புவீர்கள். 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆனது, அதுவும் சிங்கப்பூரில். 1959இல் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரண்டு பிரிவு. 1962இல் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். மலாயா என்ற பெயர் கோலாலம்பூருக்குப் போக, இங்கே இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய தேசியப் பல்கலைக்கழகம்.

இதன் பக்கத்திலேயே பதிப்பகத்தின் ஆண்டுகளை எழுதுங்கள். மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1954இல் இங்கே தொடங்கியது. சிங்கப்பூர் யூனிவர்சிட்டி பிரஸ் 1971இல். என்யுஎஸ் பிரஸ் என்ற பெயர் 2006இல்தான். இப்போது இரண்டு வரிசையையும் ஒப்பிட்டால் ஒன்று தெரியும்: பல்கலைக்கழகம் பெயர் மாற்றி இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் பதிப்பகம் மாற்றியிருக்கிறது. அதனால் பெயரை மட்டும் வைத்துப் புத்தகத்தின் காலத்தைக் கணிக்காதீர்கள். அதேபோல் 1950களின் புத்தகத்தில் ‘மலாயா’ என்று இருப்பதைப் பார்த்து அது கோலாலம்பூர் வெளியீடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆண்டு அச்சிடாத பிரதி, அட்டையும் முன்பக்கமும் கிழிந்த பிரதி எல்லாம் கையில் வரும். அப்போது முகவரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் அது. சிங்கப்பூரில் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு 1979இல் வந்தது, ஆறு இலக்கம் 1995இல். ஆக, பல்கலைக்கழக வளாகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜ் முகவரிக்குப் பின்னால் நான்கே இலக்கம் இருந்தால் அந்த அச்சு எந்தக் காலத்தது என்று ஓரளவு பிடித்துவிடலாம். அடுத்து ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண். 9971-69 என்று தொடங்கினால் அது இந்தப் பதிப்பகத்தின் எண். அதன் முன்னால் 978 இருந்தால் அநேகமாக 2007க்குப் பிந்தைய அச்சு, பதின்மூன்று இலக்கம் நடைமுறைக்கு வந்தது அந்த ஜனவரியில்தான்.

மறுபதிப்பில் ஏமாறாதீர்கள். முகவரி புதிதாக இருக்கும், புத்தகம் பழையதாக இருக்கும். முதல் பதிப்பு யாருடையது என்று அவசியம் பாருங்கள். வரலாற்றாசிரியர் டர்ன்புல் எழுதிய சிங்கப்பூர் வரலாறு 1977இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. 2009இல் வந்த திருத்திய பதிப்பு என்யுஎஸ் பிரஸ்ஸுடையது. சிங்கப்பூரின் கதையை அச்சிடும் வேலை வெளிநாட்டுப் பதிப்பகத்திடமிருந்து உள்ளூர்ப் பதிப்பகத்தின் கைக்கு வந்ததை இந்த ஒரு புத்தகத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டிவிடலாம், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

சரி, புத்தகங்களுக்கு எங்கே போவது? விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம், லீ கொங் சியான் குறிப்புதவிப் பிரிவு, 11ஆம் மாடி. இங்கே வெளியாகும் புத்தகத்தின் பிரதியைப் பதிப்பாளர் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே உள்ளூர் வெளியீட்டுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இரவல் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பிராஸ் பசா காம்பிளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு சுற்று வரலாம், ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அப்புறம் செய்தித்தாள். நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பதிப்பகத்தின் ஆங்கிலப் பெயரை முழுசாக, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இங்கத்தித் தமிழ் நாளிதழான தமிழ் முரசைத் தேதிவாரியாகப் புரட்டுவதுதான் நல்லது. அதே 1950களில்தான் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடமும் நூல்களும் வேண்டும் என்பதற்காக. பதிப்பகத்தின் அதிகாரபூர்வக் கதையில் இது வராது, வரவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவு வேலைகளில் நம் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று எழுத நினைப்பவர் 1954இலிருந்து முரசை ஒரு பக்கமும் பதிப்பகத்தின் நூல் பட்டியலை மறுபக்கமும் வைத்துக்கொண்டு ஆண்டு ஆண்டாக நகர்வதுதான் வழி, அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.