விழுந்த அன்றைக்கே எழும்பி வருவது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் முழங்காலில் நின்று "ஆண்டவரே, இனிமேல் இந்தப் பாவத்தைச் செய்யவே மாட்டேன்" என்று அழுது, புது வருஷத்துக்கான வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டையை வாங்கிப் பைபிளுக்குள் வைத்து, கேக் சாப்பிட்டு வீட்டுக்கு வந்து, ஜனவரி முதல் வாரம் முடிவதற்குள் அதே பாவத்தில் மறுபடி விழுந்திருக்கிறீர்களா? நான் விழுந்திருக்கிறேன், பல வருஷம். என்னுடையது கோபம். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டில் வேலை, லிங்கராஜபுரத்தில் வீடு. டின் ஃபேக்டரி நெரிசலில் வண்டியோடு வெந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவியிடமோ பிள்ளையிடமோ கத்தியிருப்பேன்.

கத்தினது ஐந்து நிமிஷம். அதற்கப்புறம் ஜெபிக்கவும் முகமில்லாமல், மன்னிப்புக் கேட்கவும் மனமில்லாமல் ஆண்டவருக்கு ஒளிந்து திரிந்தது ஐந்து நாள். அந்த ஐந்து நாளில்தான் மற்ற பாவமெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்பக் காலம் பிடித்தது. அதனால் "இனி விழவே மாட்டேன்" என்று பொருத்தனை பண்ணுவதை விட்டுவிட்டு, விழுந்ததற்கும் திரும்பி வருவதற்கும் நடுவில் உள்ள நேரத்தைக் குறைக்கப் பாருங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துப் போட வேண்டும். "இன்னும் போராட்டம் இருக்கிறதே, நான் உண்மையில் இரட்சிக்கப்பட்டவன்தானா?" என்ற பயம். அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு நிருபம் எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல், தமஸ்கு வழியில் கர்த்தரைச் சந்தித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நிருபத்தில்தான் "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று வருகிறது. அது இரட்சிப்புக்கு முந்தின நிலை என்று விளக்குகிறவர்களும் உண்டு. சரி, அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். கலாத்தியர் 5:17 விசுவாசிகளுக்கே எழுதினது, அங்கேயும் மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாகத்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால், முன்பெல்லாம் ஒரு பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினவன் இப்போது புரண்டு புரண்டு படுக்கிறேன் என்றால், உள்ளே ஒருவர் வேலை செய்கிறார்.

இனி விழுந்த அந்த முதல் மணி நேரம். அதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மனசு சரியான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த இடத்திலேயே, படுக்கையில் இருந்தாலும் பைக்கில் இருந்தாலும், செய்ததை அதன் பேரைச் சொல்லி அறிக்கை பண்ணுங்கள். "என் பலவீனங்களை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லி மழுப்புவது எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை. "ஆண்டவரே, இப்போது என் மகளைப் பார்த்து 'நீ உருப்படமாட்டாய்' என்று சொன்னேன், அது பாவம்" என்று வாயைத் திறந்து சொல்லும்போது நாக்கு கூசும். கூசட்டும். 1 யோவான் 1:9 மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று சொல்கிறதே தவிர, நீ எத்தனை நாள் முகத்தைத் தொங்கப்போட்டாய் என்று கணக்குக் கேட்கவில்லை.

அப்புறம் எழுந்து போய், யாரைக் காயப்படுத்தினீர்களோ அவர்களிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். நான் முதல் தடவை அப்படிப் போனபோது மனைவி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் பேசினது தப்பு" என்றேன். கரண்டியைக் கீழே வைக்காமலே "ம், சரி" என்றாள். கடுகு பொரிந்துகொண்டே இருந்தது. கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போலிருக்கிறது, ஏமாற்றமாக இருந்தது. பல வருஷம் கத்தினவன் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டால் அவ்வளவுதான் கிடைக்கும். மறுபடி போக வேண்டும்.

உள்ளே கேட்கிற சத்தத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஆவியானவர் ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தொட்டுக் காட்டுவார், கூடவே "வா" என்பார். குற்றஞ்சாட்டுகிறவனாகிய சாத்தானோ "நீ எப்பவும் இப்படித்தான், உனக்கெல்லாம் எதற்குக் கோயில்" என்று ஆளையே மொத்தமாக அடிப்பான். பேதுரு "அவரைத் தெரியாது" என்று மறுதலிப்பதற்கு முன்னாலேயே இயேசு "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டார் (லூக்கா 22:32). விழப்போகிறான் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம்மிடம் இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது. அந்த வாரம் விழுந்துவிட்டோம் என்று திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சில் உட்கார்ந்து நழுவிவிடுவது. 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அறிக்கை பண்ணி, ஒப்புரவாகி, எழுந்து போங்கள். பாவத்தை விடவே மனசில்லை என்றால் அது வேறு விஷயம். "கிருபைதான் இருக்கிறதே" என்று துணிந்து செய்கிறவருக்கு ரோமர் 6ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களே போதும்: கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலேயே நிற்கலாமா, கூடாதே என்கிறது.

பாவம் எந்த வாசல் வழியாக வருகிறது என்றும் கவனியுங்கள். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு தம்பி, ஓசூர் ரோடு பக்கம் பிஜி விடுதியில் இருக்கிறான், ராத்திரி போனில் ஆபாசப் படம் பார்க்கிற பழக்கம். உபவாசம் இருந்தான், ஆப்பை அழித்தான், திரும்பப் போட்டான். எந்த நேரத்தில் நடக்கிறது என்று இரண்டு வாரம் குறித்து வைக்கச் சொன்னோம். பார்த்தால், அறையில் கூட இருப்பவன் நைட் ஷிப்ட் போகிற நாட்களில், சாப்பிடாமல் படுத்த ராத்திரிகளில்தான். இப்போது அந்த நாட்களில் இட்லியாவது சாப்பிடுகிறான், சார்ஜரை வார்டன் மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கிறான். ஜெபமும் நடக்கிறது. பழக்கம் கையை மீறிப் போய்விட்டது என்று தெரிந்தால் வைத்தியம் பார்க்க வெட்கப்படாதீர்கள். நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலேயே போன், இணையப் பழக்கங்களுக்கென்று 'ஷட்' கிளினிக் இருக்கிறது. டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லி வையுங்கள். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. மைக்கில் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். வாய் காக்கிற, உங்களைவிடக் கொஞ்சம் மூத்த ஒருவர் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், யாத்திராகமம் 23ஐ வாசித்துப் பாருங்கள். கானானியரை ஒரே வருஷத்தில் துரத்தமாட்டேன், கொஞ்சங் கொஞ்சமாகத்தான் துரத்துவேன் என்று கர்த்தரே சொல்கிறார்; ஒரேயடியாகக் காலி செய்தால் காட்டுமிருகங்கள் பெருகிவிடுமாம். என் கோபம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம்கூடக் கத்தினேன்.

அந்தத் தம்பி முன்பெல்லாம் விழுந்தால் மூன்று வாரம் ஜெபக்குழுப் பக்கமே வரமாட்டான், போன் எடுக்கமாட்டான். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி 11:40க்கு வாட்ஸ்அப் வந்தது: "அண்ணா, விழுந்துட்டேன். பத்து நிமிஷம்தான் ஆச்சு. ஜெபம் பண்ணிட்டேன், நீங்களும் பண்ணுங்க." நான் எழுந்து உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.