குளிர்கால டயரை வருடம் முழுக்க ஓட்டலாமா? தென் ஆப்பிரிக்காவில் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு

நான் இருப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்கில். வேலை விஷயமாக மாதம் இரண்டு முறை சானி கணவாய் ஏறி லெசோத்தோவில் உள்ள மொக்கோட்லாங் வரை போய் வருகிறேன். மேலே பனியும் உறைந்த ஓடைத் தண்ணீரும் இருக்கும் என்பதால் என் ஃபோர் வீல் டிரைவ் பக்கிக்கு (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) முழு குளிர்கால டயர் போட்டேன், போட்டதைக் கழற்றாமல் ஜூன் ஜூலைக் குளிரில் மட்டுமில்லாமல் ஜனவரி வெயிலிலும் அதையே ஓட்டினேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். வாரா வாரம் மலை ஏறுபவராக இருந்தால் ஓட்டலாம், ஆனால் கீழே சொல்கிற வேலைகளை விடாமல் செய்ய வேண்டும். டர்பனிலோ ஜோகன்னஸ்பர்கிலோ இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு தடவை பனி பார்க்கப் போகிறவர் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

காரணம் ரப்பர்தான். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துவிடும், பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்தது, அதோடு பட்டன் என்று சொல்கிற, தரையைத் தொடும் ரப்பர் கட்டி ஒவ்வொன்றிலும் மயிரிழை போல நிறைய கீறல்கள் இருக்கும், பனியைக் கவ்விப் பிடிப்பது அந்தக் கீறல்களின் விளிம்புதான். அதே இளகிய ரப்பர் சூடான தாரில் என்ன ஆகும்? நெளியும். டர்பனில் ஜூலை மாத இரவில்கூட 10, 11 டிகிரிதான், பகலில் 20ஐத் தாண்டிவிடும். ஜோகன்னஸ்பர்கில் விடியற்காலை 4 டிகிரி வரை இறங்கும், ஆனால் அங்கே குளிர்காலம் என்றால் மழையே இல்லாத காலம். மழை கொட்டுவது நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஆக அந்த டயர் ஈரச் சாலையைப் பார்ப்பது வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான். தைப்பூசத்தன்று டர்பனில் வெறுங்காலோடு காவடி எடுத்தவர்களுக்கு அந்தத் தார் எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இது புரிந்தது ஒரு ஜனவரி மாலை. என்3 நெடுஞ்சாலையில் ஹில்டனில் இருந்து டவுன் ஹில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன், இடியோடு மழை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, முன்னால் லாரிகள் வரிசையாக பிரேக் பிடித்தன. நானும் பிடித்தேன். வண்டி சறுக்கவில்லை, ஆனால் கீழே டயர் குழைந்து பின்பக்கம் மெல்ல இடதும் வலதுமாக அசைவது இருக்கையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது, முன்னால் இருந்த லாரியின் பின் விளக்கு என் கண்ணாடியை நிறைத்துக்கொண்டு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. தண்ணீரை வெளியே தள்ளுவதில் குளிர்கால டயர் மோசமில்லை. பட்டன் நெளிவதால்தான் பிரேக் தூரம் கூடுகிறது. அதில் ஃபோர் வீல் டிரைவ் ஒரு உதவியும் செய்யாது. நான்கு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் நல்லது, நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் இருப்பது அதே நான்கு டயர்தான்.

சரி, மலைப்பக்கமே உங்கள் வாழ்க்கை, வருடம் முழுக்க ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள், இந்தப் படம் இருந்தால்தான் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். எம் ப்ளஸ் எஸ் என்று மட்டும் போட்டிருந்தால் பட்டன் வடிவம் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று கம்பெனி சொல்கிறது, அவ்வளவுதான். அப்புறம் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள், 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24வது வாரம் செய்தது. இங்கே குளிர்கால டயர் அதிகம் விற்பதில்லை என்பதால் கடையில் பல வருடம் கிடந்ததைப் புதுசு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், எனக்கே ஒரு கடையில் அப்படி நடந்தது, எண்ணைக் காட்டியதும் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்கள். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள், புது குளிர்கால ரப்பரில் நகம் லேசாகப் பதிந்து மெதுவாக மேலே வரும். பழசாகிக் கெட்டிப்பட்டது அப்படி வராது. வேகக் குறியீடு, எடை எண் இரண்டும் வண்டிக் கையேட்டில் உள்ளதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிர்கால டயரில் கியூ குறியீடு சாதாரணம், அதாவது 160 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலை வரம்பு 120தான் என்றாலும், கையேடு கேட்பதைவிடக் குறைவான குறியீடு போட்டால் இன்சூரன்ஸ்காரரிடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் சுமார் 0.1 பார் குறையும், இது பலருக்குத் தெரியும். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் காற்று கூடித் தெரியும் என்பதை யாரும் சொல்வதில்லை. கடலோரத்தில் இருந்து 2,876 மீட்டர் உயர சானி உச்சிக்குப் போனால் இதனால் மட்டும் கிட்டத்தட்ட 0.3 பார் கூடும். குளிர்காலத்தில் குளிரும் உயரமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், மேலே அளந்தாலும் ஏறக்குறைய கீழே வைத்த அளவே காட்டும். கோடையில் அப்படி இல்லை, மேலே கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்து உச்சியிலேயே காற்றை இறக்கிவிட்டால் கீழே வந்ததும் டயர் தொய்ந்து, ஏற்கெனவே இளகிய ரப்பர் இன்னும் சூடாகி, வெடிக்கிற நிலைக்குப் போகும். அதனால் வீட்டு வாசலில், காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் அளந்து கையேட்டு அளவுக்கு வையுங்கள், வாரம் ஒரு முறை. சரளைச் சாலைக்காக 1.8 வரை இறக்கினீர்கள் என்றால் வேகத்தையும் குறையுங்கள், தார் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி மறுபடி அடைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

சரளை என்றதும் இன்னொன்று. சானியின் கூர்மையான கல், இளகிய ரப்பரைத் துண்டு துண்டாகப் பெயர்த்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் டார்ச் அடித்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பள்ளத்தில் மாட்டிய கல்லை மழுங்கிய ஸ்குரூடிரைவரால் எடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு டயருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

இப்போது ஃபோர் வீல் டிரைவுக்கே உரிய விஷயம். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தேய்மானம். முன்னால் குளிர்கால டயர், பின்னால் சாதாரண டயர் என்று கலக்கவே கூடாது, வளைவில் பின்பக்கம் முதலில் விட்டுவிடும். தேய்மானம் ஏன் முக்கியம் என்றால், பட்டன் ஆழத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் சுமார் 19 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரு கிலோமீட்டருக்கு அது ஏறக்குறைய 8 மீட்டர். எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அந்த 8 மீட்டரை முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் நடு கப்ளிங்தான் ஓயாமல் வழுக்கிச் சரிக்கட்ட வேண்டும், சூடாகும், ஒரு நாள் போய்விடும். எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். என் பக்கி மாதிரி லீவர் போட்டு ஃபோர் வீல் மாற்றும் வண்டி என்றால் காய்ந்த தாரில் அதைப் போடவே போடாதீர்கள், கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். குளிர்கால ரப்பர் சூட்டில் வேகமாகத் தேயும் என்பதால் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றுங்கள். அம்புக்குறி போட்ட டயரை அதே பக்கத்துக்குள்தான் மாற்ற வேண்டும்.

கோடையில் ஓட்டும்போது முன்வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள், சுமையேற்றிக்கொண்டு நடுப்பகலில் நெடுஞ்சாலை வேகம் போகாதீர்கள், வளைவில் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். மழை பிடித்தால் 80க்கு இறங்குங்கள்.

சட்டப்படி இங்கே பட்டன் ஆழம் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பனிக்கு அது ஒன்றுமே இல்லை. 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் அதைக் குளிர்கால டயராக நம்பாதீர்கள். ஆழம் அளக்கும் சின்னக் கருவி மலிவுதான், வாங்கி ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்று இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட்.

அந்த மலைப்படம் உள்ள ஆல் டெரைன் (தார், சரளை, சேறு எல்லாவற்றுக்குமான) டயர்களும் இப்போது வருகின்றன. என் கணக்கில் இந்த நாட்டில் பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவுக்கு வருடம் முழுக்க ஓட்ட அதுதான் சரி. பக்கவாட்டு கெட்டி, கல்லைத் தாங்கும், வெயிலில் அவ்வளவு குழையாது, பனியில் முழு குளிர்கால டயரைவிடக் கொஞ்சம் குறைவு. 2024 செப்டம்பரில் வேன் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 அடைபட்டு, இரவெல்லாம் வண்டிகள் சிக்கிக் கிடந்தனவே, அப்படிப்பட்ட நாளில் எந்த டயரும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்காது, முன்னால் வண்டி குறுக்கே நின்றால் நீங்களும் நிற்க வேண்டியதுதான். அன்றைக்குக் கிளம்பாமல் இருங்கள்.

நான் இப்போது இரண்டு செட் வைத்திருக்கிறேன். குளிர்கால டயர் தனி இரும்பு ரிம்மில் மாட்டியே இருக்கிறது, மே கடைசியில் போடுவேன், செப்டம்பர் முடிந்ததும் கழற்றுவேன், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருந்தால் வீட்டிலேயே ஒரு மணி நேர வேலை. போட்டு 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். கழற்றியதில் எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி, வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். நான்கையும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியில் பழைய சைஸ் டயரோடு சானி ஏறுகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன்.