இலக்கு அவருடையது, வழி உங்களுடையது: தொலைநோக்காளரோடு வேலை செய்வது எப்படி

பத்து வருடம் கழித்து நடக்கப்போவதை இப்போதே கண்ணால் பார்த்ததுபோல் பேசுகிற தொலைநோக்காளர்கள் உண்டு. அவர்களோடு வேலைக்குச் சேர்கிறவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றுக்கும் ஆமாம் சாமி போட ஆரம்பித்துவிடுகிறார்கள். மீதிப்பேர் எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுகிறவர் என்று பெயர் வாங்கிவிடுகிறார்கள். அவர் சொல்வதில் எது அசையாது, எது அசையும் என்று பிரித்துப் பார்க்காததுதான் இரண்டுக்கும் காரணம். போய்ச்சேர வேண்டிய இடத்தில் அவர் பிடிவாதமாக இருப்பார். போகும் வழியில் அவ்வளவு பிடிவாதம் இருக்காது, ஆனால் இரண்டையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் சொல்வார். பிரித்தெடுப்பது உங்கள் வேலை.

ஆளைப் படிப்பது

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். "இந்தத் திட்டத்தில் எதை விட்டுக்கொடுத்தால் இதைச் செய்வதிலேயே அர்த்தமில்லை என்று நினைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து வேறு பேச்சின் நடுவே அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். இரண்டு தடவையும் மாறாமல் வந்ததுதான் இலக்கு. மாறியதெல்லாம் வழி, அதில் நீங்கள் தாராளமாகப் பேரம் பேசலாம்.

இவர்களிடம் மூன்று குணங்களை எதிர்பார்க்கலாம். முதலாவது, இல்லாததை இருப்பதாகப் பேசுவது. "நம்மிடம் அந்த வசதி இருக்கிறது" என்பார், அது இன்னும் காகிதத்தில்கூட வந்திருக்காது. குழுவுக்குள் பேசும்போது இதனால் ஆபத்தில்லை, உற்சாகம்கூட வரும். வாடிக்கையாளரிடமும் முதலீட்டாளரிடமும் இதே பேச்சுப் போனால் ஆபத்து. அந்தக் கூட்டங்களுக்கு நீங்களும் போய், எது தயார், எது தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, காலக்கணக்கு. அவர் சொல்லும் நாள் எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் நாள். அவரோடு தேதிக்காகச் சண்டை போடாதீர்கள். வேலையைக் கையால் செய்யப்போகிறவரிடம் தனியாகக் கேட்டு, இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி தொலைநோக்காளர் முன்னால் வையுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் சேதம் செய்வது: வேலை முக்கால்வாசி முடிந்ததும் அலுத்துப்போவது. கணினியின் முன்னோடி என்று நாம் சொல்லும் சார்லஸ் பாபேஜுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். டிஃபரன்ஸ் எஞ்சின் என்ற கணக்குப் பொறிக்கு பிரிட்டிஷ் அரசு 1823-லிருந்து பணம் கொடுத்தது. அதைச் செய்துகொண்டிருந்த பொறியாளர் ஜோசப் கிளெமென்டோடு பணத் தகராறு வந்து 1833-இல் வேலை நின்றது. அடுத்த வருடமே பாபேஜின் மனம் அதைவிடப் பெரிய அனலிட்டிக்கல் எஞ்சினுக்குத் தாவிவிட்டது. சுமார் 17,000 பவுண்டு செலவழித்த பிறகு 1842-இல் அரசு கைவிரித்தது. அவர் பின்னால் வரைந்த இரண்டாவது டிஃபரன்ஸ் எஞ்சினை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் செய்து பார்த்தது, அது சரியாகக் கணக்குப் போட்டது. வரைபடத்தில் கோளாறு இல்லை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று அவரைப் பிடித்து நிறுத்த அருகில் ஆள் இல்லை.

பேச்சை வேலையாக மாற்றுவது

கூட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்கமாட்டார். அதில் மூன்று தலைப்புகள் போதும். உதாரணம்:

முடிவானது: செயலியின் முதல் பதிப்பில் பணம் செலுத்தும் வசதி கிடையாது. வடிவமைப்புக் குழு திரைகளை மாற்றித்தரும், 14-ஆம் தேதிக்குள்.
யோசித்தது: குரலால் இயக்குவது. இப்போதைக்கு யாருக்கும் வேலை இல்லை.
தெரியாதது: பழைய பயனர்களின் கணக்குகளை என்ன செய்வது? பதில் தரவேண்டியவர் நீங்கள், வெள்ளிக்கிழமைக்குள்.

நடுவில் இருக்கும் 'யோசித்தது' என்ற வரிதான் இந்தக் குறிப்பின் உயிர். அவர் வாய்விட்டு யோசிக்கிறவர். கேட்கிற குழுவோ அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வேலையைத் தொடங்கிவிடும். ஒரு வாரம் கழித்து "இதை யார் செய்யச் சொன்னது?" என்று அவரே கேட்பார். நள்ளிரவில் வரும் குரல் செய்திகளுக்கும் இதே கதைதான். "இது வேலையா, யோசனையா?" என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

புது யோசனைகளுக்கு ஒரு காத்திருப்புப் பட்டியல் வையுங்கள், அவரும் திறந்து பார்க்கும்படி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அதைப் பாருங்கள். பாதி யோசனைகளை அவரே அடித்துவிடுவார். நீங்கள் நினைவூட்டாமலே மூன்றாவது முறையும் கிளப்புகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, சோதித்துப் பாருங்கள். பட்டியலை ரகசியமாக வைத்தால் யோசனைகளைப் புதைக்கும் இடம் என்று நினைத்துவிடுவார், பிறகு உங்களைத் தாண்டி நேராகக் குழுவிடம் போவார்.

சோதனை என்றால் இரண்டு வாரம், இரண்டு ஆள், முன்கூட்டியே ஒதுக்கிய சிறு தொகை. எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி அவரிடம் சம்மதம் வாங்குங்கள். பாதியில் போய் இதைக் கேட்டால் கிடைக்காது. அதற்குள் அவர் அந்த யோசனையில் காதல் கொண்டிருப்பார். நடக்கும் பெரிய வேலைகள் மூன்றைத் தாண்டக்கூடாது. நான்காவது வந்தால் "எதைத் தள்ளிவைக்கலாம்?" என்று கேளுங்கள். தள்ளிவைப்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

மறுத்துப் பேசுவது

"முடியாது" என்பது அவர் காதில் "முயற்சி செய்ய மனமில்லை" என்றுதான் விழும். அதற்குப் பதிலாக விலையைச் சொல்லுங்கள்: "செய்யலாம். இன்னும் ஆறு வாரம் ஆகும், அல்லது அந்த இன்னொரு வேலையை நிறுத்த வேண்டும். எது?" தேர்வை அவரிடமே விடுங்கள். இதைத் தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் மறுத்தால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றுவிடுவார், உண்மை தெரிந்தாலும் இறங்கி வர வழி இருக்காது.

இதில் பாடம் படிக்க வேண்டுமானால் ஹோண்டா நிறுவனத்தைப் பார்க்கலாம். கார் எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்பது அதன் நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டாவின் பிடிவாதம். 1969-இல் வந்த எச்1300 காரையும் அப்படித்தான் செய்தார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகளைச் சமாளிக்கத் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வேண்டும் என்று இளம் பொறியாளர்கள் சொன்னது எடுபடவில்லை. நிர்வாகத்தைக் கவனித்துவந்த தக்கேயோ புஜிசாவா எஞ்சினைப் பற்றி வாதாடவில்லை. நீங்கள் இங்கே நிறுவனத் தலைவரா, பொறியாளரா என்று கேட்டார். தலைவர்தான் என்று ஹோண்டா ஒப்புக்கொண்டு வழிவிட்டார். தண்ணீரால் குளிரும், சிவிசிசி என்று பெயரிட்ட எஞ்சின் 1972-இல் அறிவிக்கப்பட்டது, அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளுக்கும் அது ஈடுகொடுத்தது. அடுத்த வருடம் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். தொழில்நுட்பத்தில் அவரை ஜெயிக்கப் பார்க்காமல், அவருக்கே பெரிதான இலக்கை நினைவூட்டியதில்தான் புஜிசாவாவின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

குழுவைக் காப்பது, உங்களைக் காப்பது

அவரிடமிருந்து வரும் மாற்றங்கள் ஒரே ஆள் வழியாகக் குழுவுக்குப் போகட்டும், வாரத்துக்கு ஒருமுறை, மொத்தமாக. தினமும் திசை மாறினால் நல்ல வேலைக்காரர்கள்தான் முதலில் போவார்கள். அதற்காகக் குழுவை அவரிடமிருந்து முழுசாக மறைத்தும் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை அவரே வந்து பேசட்டும், மக்கள் இந்த வேலைக்கு வந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான்.

உங்கள் பங்கு வெளியே தெரியாமல் போவதற்குத் தயாராக இருங்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை வைத்து 90 நிமிடம் காட்டிய செயல்விளக்கம் கணினி வரலாற்றில் நின்றுவிட்டது. அந்த முதல் மவுஸைச் செய்தவரும், அன்று திரைக்குப் பின்னால் கருவிகளை ஓடவைத்தவருமான பில் இங்கிலிஷின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இது உறுத்தும் என்றால் பதவிப் பெயர், நிறுவனத்தில் பங்கு, எந்த முடிவுகள் உங்கள் கையில் என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். வெற்றிக்குப் பிறகு கேட்டால் கிடைப்பது அபூர்வம்.

கடைசியாக, அவர் உண்மையிலேயே தொலைநோக்காளரா என்பதையும் பார்த்துக்கொண்டே இருங்கள். கெட்ட செய்தியைக் கேட்டுக் கோபப்பட்டாலும் மறுநாள் அதைப் பற்றிக் கேள்வி கேட்டு வருகிறவரோடு தாராளமாக வேலை செய்யலாம். கெட்ட செய்தி கொண்டுவந்தவர் காணாமல் போகிறார், ஒரு பிரிவு செய்வது அடுத்த பிரிவுக்குத் தெரியக்கூடாது, செய்துகாட்டும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது என்றால் விஷயம் வேறு. 2003-இல் தொடங்கிய தெரனோஸ் என்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் இதெல்லாம் நடந்தது. சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் என்று சொல்லிவிட்டு, பல பரிசோதனைகளை மற்ற நிறுவனங்களின் கருவிகளில் செய்தார்கள். சந்தேகம் கிளப்பிய ஊழியர்கள் மிரட்டலைச் சந்தித்தார்கள். முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் குற்றவாளி என 2022 ஜனவரியில் தீர்ப்பானது. இந்த மூன்று அடையாளங்களில் இரண்டைப் பார்த்துவிட்டால் நீங்கள் அனுப்பிய எச்சரிக்கைகளுக்குத் தேதியோடு பதிவு வைத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். உங்களுக்கே பொய் என்று தெரிந்த எண் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.