பச்சைக் குழந்தைக்கு மஞ்சள்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் காமாலை வரும், அதனால் "காலை வெயில்ல காட்டுங்க, போயிடும்" என்று பாட்டி சொன்னால் பெரும்பாலும் பலித்துவிடும். பலிக்காத குழந்தையும் முதலில் அதே மஞ்சளோடுதான் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

நாளை எண்ணாமல் விடுவதுதான் பெரிய தவறு. சாதாரண மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாள் தலைகாட்டி, நாலைந்தாம் நாள் கூடி, இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரம் வரை ஆகலாம். பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தால் காத்திருக்காமல் ரத்தம் பார்க்க வேண்டும். அம்மா நெகட்டிவ் குரூப்பாகவோ ஓ குரூப்பாகவோ இருந்து குழந்தையின் குரூப் ஒத்துப்போகாவிட்டால், சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து மஞ்சள் இப்படித்தான் ஏறும்.

ராத்திரி டியூப்லைட்டில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பகலில் ஜன்னலோரம் வைத்து நெற்றி, நெஞ்சு, கால் என்று விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மாநிறக் குழந்தைக்குக் கண் ஏமாற்றும், சந்தேகம் வந்தால் பிலிருபின் டெஸ்ட்தான் (சிவப்பணுக்கள் உடையும்போது ரத்தத்தில் சேர்ந்து தோலை மஞ்சளாக்கும் பொருள்தான் பிலிருபின்).

அப்புறம் இந்த "நல்லா தூங்குறான், தொந்தரவே இல்ல". மஞ்சளோடு இருக்கும் குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் அது சமர்த்து இல்லை. கீச்சென்று அழுதாலோ முதுகை வில்லாக வளைத்தாலோ பிலிருபின் மூளையைத் தொட ஆரம்பித்திருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வெயில், மஞ்சளைக் குறைக்க ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல விளக்குக்கு ஈடாகாது. குளுக்கோஸ் தண்ணீரும் வேண்டாம், பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும், அதற்குத் தாய்ப்பாலை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுத்தாலே போதும்.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியை எடுத்துக் குழந்தையைச் சுற்றுகிறோமே, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலினே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

யாரும் கவனிக்காதது மலத்தின் நிறம். குழந்தை கொழுகொழுவென்று எடை ஏறும், மஞ்சள் மட்டும் இரண்டு வாரம் தாண்டியும் போகாது, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும். பித்தநாளம் அடைபட்டிருந்தால் இப்படி இருக்கும், 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் நல்ல பலன். வெளுத்த மலத்தைக் கண்டால் போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.