பாரிஸில் ஒரு பிஸ்ட்ரோ இரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஊரிலிருந்து வந்திருந்த என் பெறாமகனும் அவன் மனைவியும் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, நடுவில் மெழுகுதிரி, பின்னால் கல்சுவரில் மாட்டிய செப்புச் சட்டிகள். "சித்தப்பா, நல்ல நாட்டுப்புறப் பிரெஞ்சுக் கடை ஒன்று பிடித்துவிட்டோம்" என்று கீழே எழுதியிருந்தது. படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரு எது என்று தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் முதல் திருமண நாளன்று, நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்த அதே தெரு.

நான் பாரிஸில் முதலில் கோப்பை கழுவினேன். பிறகு குசினியில் வெங்காயம் உரித்தேன். இப்போது பதினொரு வருஷமாக ஒரு பிஸ்ட்ரோவில், அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடையில், பரிமாறுகிறேன். ஒவ்வொரு கோடையிலும் சொந்தக்காரர்கள் வருவார்கள், காதலோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் கேட்பார்கள், பிறகு நான் செய்த தவறுகளையே செய்துவிட்டு வருவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அதை இங்கே யாரும் கவனிப்பதில்லை.

மெழுகுதிரியை நம்பி உள்ளே போவது

அந்தத் திருமண நாளன்று வாசலில் நின்ற ஒருவர் எங்களைக் கண்டதும் ஆங்கிலத்தில் கூப்பிட்டார். உள்ளே மர உத்தரம், மங்கிய வெளிச்சம், பின்னணியில் அக்கார்டியன் இசை. உணவுப் பட்டியல் ஆறு மொழிகளில், படங்களோடு இருந்தது. எனக்கு அப்போது பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் படங்களைப் பார்த்ததும் ஆறுதலாக இருந்தது. மனைவிக்கு வாத்துக்கால், எனக்கு பஃப் பூர்கின்யோன் என்கிற மாட்டிறைச்சிக் குழம்பு.

என் கிண்ணத்தின் ஓரத்தில் குழம்பு குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த இறைச்சித் துண்டைக் கத்தியால் பிளந்தால் உள்ளே சில்லென்று இருந்தது. குழம்பு கஞ்சிப்பசை போலத் திரண்டு கத்தியிலேயே ஒட்டி நின்றது. பில் 94 யூரோ. கோப்பை கழுவும் எனக்கு அது இரண்டு நாள் கூலி.

காசு போனதை மறந்துவிட்டேன். ஆனால் அதே பூர்கின்யோனை எப்படிச் செய்வார்கள் என்று நான் வேலை செய்த குசினியில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதல் நாள் இரவு மாட்டிறைச்சியைச் சிவப்பு வைனில் ஊறவைப்பார்கள். மறுநாள் கரட், வெங்காயம், தைம் இலை சேர்த்து மூன்று மணிநேரத்துக்கும் மேல் சிறுநெருப்பில் விடுவார்கள். அதை அன்றே பரிமாற மாட்டார்கள், அடுத்த நாள்தான் மேசைக்கு வரும். மீன்குழம்பு மறுநாள் ருசிப்பது போலத்தான் இதுவும். அப்படிச் செய்த இறைச்சி கரண்டி பட்டாலே நார்நாராகப் பிரியும். குழம்பு கருஞ்சிவப்பாக, பாணில் தொட்டால் ஊறுகிற பதத்தில் இருக்கும்.

ஆகவே, சொல்லி ஐந்து நிமிஷத்தில் தட்டு வந்தால் அது மோசமான கடை என்று நினைக்காதீர்கள். நல்ல கடையிலும் பூர்கின்யோன் சீக்கிரம்தான் வரும், சட்டியில் தயாராக இருக்கிறதே. எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து பையில் அடைத்ததை மைக்ரோவேவில் வைத்து எடுத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் உங்கள் முன்னால் வைப்பதுதான் மோசம்.

இதை வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். வெங்காய சூப், வாத்து, பூர்கின்யோன் எல்லாம் ஒரு பக்கம், பீட்சாவும் ஸ்பானிய பயேயாவும் இன்னொரு பக்கம் என்று நாற்பது வகை இருந்தால் அங்கே சமையல்காரரைவிடக் குளிர்ப்பெட்டிக்குத்தான் வேலை அதிகம். எங்கள் குசினியில் இரண்டு பேர் தோள் இடிக்காமல் திரும்ப முடியாது. அதில் நாளொன்றுக்கு நான்கு முன்னுணவு, நான்கு பிரதான உணவு, மூன்று இனிப்பு செய்யலாம், அவ்வளவுதான். அவற்றை 'அர்துவாஸ்' என்கிற கரும்பலகையில் சோக்கால் எழுதி வைப்போம். ஒன்று முடிந்தால் அந்த வரியை அழித்துவிடுவோம். அழித்த தடம் உள்ள பலகையைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வரும்.

2014 முதல் பிரான்ஸில் 'ஃபே மெஸோன்' என்று ஒரு குறி இருக்கிறது. சட்டியின் மேல் வீட்டுக்கூரை வைத்த படம். பச்சைப் பொருளிலிருந்து அந்த இடத்திலேயே சமைத்த உணவுக்குத்தான் அதைப் போடலாம். உறையவைத்த பச்சை மீனையும் சட்டம் அனுமதிக்கிறது, அதனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் நாற்பது வகையில் ஒன்றுக்குக்கூட அந்தக் குறி இல்லையென்றால் யோசியுங்கள். வாசலில் ஆள் நின்று கூப்பிட்டால் யோசிக்கவே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

பெறாமகனைத் தொலைபேசியில் கேட்டேன். "சாப்பாடு பரவாயில்லை சித்தப்பா, இடம் வடிவாக இருந்தது" என்றான். பாரிஸில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட முதல் இரவு அது. அதற்குப் 'பரவாயில்லை' என்று ஒரு சாப்பாடு அமைந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

'ரி' என்றால் சோறு என்று நினைப்பது

சோற்றுக்கும் 'ரி' என்றுதான் உச்சரிப்பு. 'ரி து வோ' என்பதற்கும் அதே உச்சரிப்பு. ஆனால் அது கன்றுக்குட்டியின் கழுத்தடியில் இருக்கும் தைமஸ் சுரப்பி. எழுத்தில் பாருங்கள்: 'ஸெட்' எழுத்தில் முடிந்தால் சோறு, 'எஸ்' எழுத்தில் முடிந்தால் சுரப்பி. பெரும்பாலும் பட்டியலில் விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று. மாட்டிறைச்சி தொடாத ஓர் அம்மா சோறு என்று நம்பி அதைக் கேட்டுவிட்டு, தட்டு வந்தபின் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று நான் வேறு மேசையில் நின்றேன், முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

பன்றி சாப்பிடாதவர்கள் 'லார்தோன்' என்ற சொல்லைப் பாடமாக்கி வையுங்கள். சின்னச் சின்னப் பன்றித் துண்டுகள் அவை. பூர்கின்யோனில், கோழியை வைனில் சமைக்கும் 'கொக் ஓ வான்' உணவில், பல சாலட்களிலும்கூட இருக்கும். வெங்காய சூப் சைவம் போலத் தெரியும், ஆனால் பல இடங்களில் அது மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், லார்தோன், எலும்புச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம்.

'மெனு' கேட்பது

பிரான்ஸில் 'மெனு' என்றால் ஒரே விலைக்கு வரும் முழுச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் 'லா கார்த்' கேளுங்கள். அப்புறம், 'ஆந்த்ரே' என்பது முன்னுணவு. அமெரிக்கர்கள் சொல்வது போலப் பிரதான உணவு அல்ல.

இறைச்சியின் பதம்

'ஆ புவான்' என்றால் நடுத்தரம் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறார்கள். இங்கே அது உள்ளே நன்றாகச் சிவந்துதான் இருக்கும். 'பியான் குயி' என்றால் வெந்தது. ஆனால் ஒரு நல்ல துண்டை அப்படிக் கேட்டால் வறண்டுபோகும். சிவப்பைப் பார்க்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது 'கோன்ஃபி து கனார்'. வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, கடைசியில் தோல் மொறுமொறுவென்று வருகிறமாதிரி வறுத்துத் தருவது. எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும்.

'அந்துயெட்'

பன்றிக் குடல். வாசனை தட்டுக்கு முன்னால் வரும். தெரிந்து கேளுங்கள்.

தண்ணீர்

சாதாரணமா, வாயு கலந்ததா என்று கேட்டால் எதைச் சொன்னாலும் காசு கட்டும் போத்தல்தான் வரும். "கராஃப் தோ" என்று கேளுங்கள். சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரும் பாணும் இலவசம்.

'பொன்சுவார்' (மாலை வணக்கம்) சொல்லாமல் உட்காருவது

வேண்டாம்.

நேரமும் முன்பதிவும்

இரவுச் சாப்பாட்டுக்குக் குசினி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். ஆறு மணிக்கு வந்து கதவைத் தட்டுபவர்களுக்காக நான் வருந்துகிறேன், ஆனால் அப்போது நாங்களே சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஞாயிறு, திங்கள் பல பிஸ்ட்ரோக்கள் பூட்டு. ஆகஸ்டில் சில வாரம் முழுதாகவே பூட்டு.

பதிவு செய்துவிட்டு வராமல் இருக்காதீர்கள். எங்களிடம் இருப்பது 26 கதிரை. காதலர் தினத்தன்று இரண்டு மேசை வராமல் போனது. அதே நேரத்தில் வாசலில் குளிரில் நின்று இடம் கேட்டவர்களை முதலாளி திருப்பி அனுப்பியிருந்தார். வர முடியாவிட்டால் ஒரு அழைப்புப் போதும்.

பில்

கேட்கும்வரை வராது. அது அலட்சியம் இல்லை. சாப்பிட்டவரை எழுப்பிவிடுவது இங்கே மரியாதைக் குறைவு. இனிப்பு முடிந்தபின் காப்பி வரும், அதுவும் முடிந்தபின் "லதிசியோன், சில் வூ ப்ளே" என்று சொல்லுங்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. மனம் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று யூரோ மேசையில் வைக்கலாம். மிச்சம் இருந்தால் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள், 2021 ஜூலை முதல் கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். பூர்கின்யோன் என்றால் கட்டாயம் கேளுங்கள், நாளைக்கு இன்னும் நன்றாக இருக்கும்.