ஒலவக்கோட்டில் ஏறி லும்பினியில் இறங்க: ஒரு பழைய கண்டக்டர் சொல்லும் வழி

புத்த யாத்திரை பேக்கேஜ்களில் லும்பினிக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் ஒதுக்குவார்கள். புத்தர் பிறந்த இடம் நேபாளத்துக்குள் இருக்கிறது. இந்திய வண்டி உள்ளே போகவேண்டுமானால் பன்சார் என்கிற சுங்கச் சீட்டு எடுக்கணும், பணம் கட்டணும், வரிசையில் நிற்கணும். இத்தனையும் செய்து காலையில் போகிற பஸ் இருட்டுவதற்குள் திரும்பப் பார்க்கும். நம்ம ஆட்களுக்கு மிஞ்சுவது கோயில் வாசலில் ஒரு குரூப் போட்டோ. அதனால் என் திட்டத்தில் முதலில் எழுதுவது ஒரே வரி: லும்பினியில் இரண்டு இரவு. மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் கோர்த்துக்கொள்ளலாம்.

நான் பாலக்காட்டுச் சித்தூரில் ஆனவண்டியில், அதாவது கேரள அரசு பஸ்ஸில், டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சொந்தபந்தம் யாராவது கேட்டால் கூடப் போவேன். ஒரு கூட்டத்துக்கு நாலு பேர், மிஞ்சினால் ஆறு பேர். அதற்கு மேல் போனால் யாராவது ஒருத்தரைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

போகிற மாதம் நவம்பர் அல்லது பிப்ரவரி கடைசி முதல் மார்ச் பாதிவரை. வைகாசி விசாகத்துக்கு அங்கே இருக்கணும் என்று அத்தைமார் ஆசைப்படுவார்கள். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் அந்தப் பௌர்ணமியில்தான் என்பது நம்பிக்கை, ஆசை நியாயம்தான். ஆனால் அப்போது வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், கூட்டமும் அள்ளும். பாலக்காட்டு வெயிலைப் பார்த்தவர்கள் என்ற தைரியம் அங்கே உதவாது. டிசம்பர், ஜனவரி வேறு மாதிரி. வடக்கே மூடுபனி இறங்கிவிட்டால் கான்பூருக்கு அப்புறம் ரயில் எப்போது போய்ச் சேரும் என்று டிரைவருக்கே தெரியாது.

நமக்கு ஒரு பெரிய வசதி, ராப்திசாகர் எக்ஸ்பிரஸ். திருவனந்தபுரத்திலிருந்து வருகிற அந்த வண்டியில் ஒலவக்கோட்டில், அதாவது பாலக்காடு ஜங்ஷனில், ஏறினால் கோயம்புத்தூர், சென்னை, விஜயவாடா, நாக்பூர், லக்னோ வழியாக நேராகக் கோரக்பூர், லும்பினிக்குப் போக நாம் இறங்கவேண்டிய ஸ்டேஷன். நடுவில் மாறுகிற வேலையே இல்லை. ரயிலில் இரண்டு இரவு கழியும். தினமும் ஓடாத வண்டி, அதனால் ஓடுகிற கிழமையை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் லீவு கேளுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே போடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020-இல் நிறுத்தியது நிறுத்தியதுதான். லோயர் பெர்த் கோட்டா மட்டும் இருக்கிறது: ஆண்களுக்கு அறுபது வயது, பெண்களுக்கு நாற்பத்தைந்து. ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடாமல், பெரியவர்களை மட்டும் இரண்டு பேராகத் தனி டிக்கெட்டில் போட்டால் அந்தக் கோட்டா கிடைக்கிற வாய்ப்பு கூடும்.

அடையாள அட்டைக்கு வருவோம். ஆதாரை நீட்டியே பழகிவிட்டோம், எல்லையில் அது போதாது. 15 வயதுக்கு மேல், 65 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். சிறுவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் ஆதார் செல்லும். விசா கிடையாது, முத்திரையும் கிடையாது. நம்ம கேரள-தமிழ்நாடு எல்லை ஊர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்களின் வாக்காளர் அட்டை பொள்ளாச்சி விலாசத்தில் அப்பா பெயரோடு இருக்கும், ஆதாரோ கேரள விலாசத்தில் கணவர் பெயரோடு இருக்கும். பயணத்துக்குக் காட்டுவது ஒரே அட்டையாக இருக்கட்டும், ரயில் டிக்கெட்டிலும் அதே பெயரைப் போடுங்கள். போனில் எடுத்த போட்டோவை நம்ப வேண்டாம். பல நேரம் யாரும் கேட்க மாட்டார்கள்; கேட்கிற நாளில் கையில் இல்லையென்றால் கோரக்பூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பணத்தை நூறு ரூபாய் நோட்டாகவே எடுத்துப்போங்கள். நேபாளம் 2018-இல் நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. அதன் பிறகு விதி தளர்ந்தது, மாறியது என்று பேச்சு வரும். கடைக்காரர் வாங்குவாரா என்பது வேறு விஷயம். நூறு ரூபாய்க்கு எந்தத் தகராறும் இல்லை. இந்திய நூறுக்கு நேபாளத்தில் நூற்று அறுபது. 1993 முதல் மாறாத கணக்கு இது, யாராவது குறைத்துக் கொடுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். 2024 மார்ச் முதல் நேபாளத்து Fonepay (நம்ம ஊர் PhonePe இல்லை) கியூஆர் பலகை வைத்த கடைகளில் நம்ம யுபிஐ வேலை செய்கிறது. ஆனால் அதற்கு நெட் வேண்டும், நம்ம சிம் எல்லை தாண்டினால் ரோமிங் இல்லாமல் பேசாது. கண்டக்டர் பையோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், சில்லறை இருக்கிறவனுக்குத்தான் மரியாதை.

கோரக்பூர் பிளாட்பாரம் 1,366 மீட்டர் நீளம். மூட்டை தூக்கிக்கொண்டு முழங்கால் வலிக்காரர்களோடு அதில் நடக்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு பை, அதுவும் தோளில் மாட்டுகிற பை என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள். ரயிலுக்குக் கட்டிய புளிசாதமும் சப்பாத்தியும் தீர்ந்து பை இளைத்திருக்கும் என்பது ஒரு ஆறுதல். ராத்திரி வந்து இறங்கினால் அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பலாம். ஸ்டேஷன் பக்கத்திலேயே எல்லை ஊரான சோனௌலிக்கு அரசு பஸ் கிடைக்கும். நூறு கிலோமீட்டர் போல, மூன்று மணி நேரம். "நேரா காட்மாண்டு, நேரா லும்பினி" என்று கையைப் பிடிக்கிற ஆட்களைத் தாண்டிப் போய் அரசு பஸ்ஸைப் பாருங்கள்.

சோனௌலி, லாரி வரிசையிலும் புழுதியிலும் ஹாரனிலும் நம்ம வாளையார் செக்போஸ்ட் மாதிரியே இருக்கும். எல்லை வளைவைத் தாண்டி நடந்தே போகலாம். அந்தப் பக்கம் பெலஹியா. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பைரஹவா நாலு கிலோமீட்டர்; பைரஹவாவிலிருந்து லும்பினி மேற்கே இருபத்திரண்டு. லோக்கல் பஸ்ஸும் உண்டு. பெரியவர்கள் இருந்தால் எல்லையிலேயே ஒரு வண்டி பேசிவிடுங்கள், ஏறுவதற்கு முன் தொகையைச் சொல்லி, எந்த நாட்டு ரூபாய் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தி தெரிந்தால் போதும்.

தங்குவதற்கு லும்பினி பஜாரில் லாட்ஜ்கள் உண்டு. கொரிய விகாரையில் யாத்திரிகர்களுக்கு எளிய அறையும் சாப்பாடும் தருவார்கள். சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது, சத்தம் போடக்கூடாது. காரமில்லாத சாப்பாட்டைப் பார்த்துச் சித்தப்பாமார்கள் முகம் சுளிப்பார்கள், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் அதைச் சரிசெய்யும்.

முதல் சாயங்காலம் ஒன்றும் பார்க்க வேண்டாம், தூங்குங்கள். மறுநாள் விடிந்ததும் புத்தரின் தாயார் பெயரிலுள்ள மாயாதேவி கோயில். டிக்கெட் கவுண்ட்டரில் இந்தியர் என்று சொல்லுங்கள், மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும், காலுறை வைத்திருந்தால் காலைக் குளிருக்கு நல்லது. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். கோபுரம், தீபாராதனை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பழைய செங்கல் அஸ்திவாரங்களைச் சுற்றி நடைபாதை, நடுவில் கண்ணாடிக்கு அடியில் பிறந்த இடத்தைக் குறிக்கும் கல். அந்தச் செங்கல்லுக்கும் அடியில், கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிற மரக் கட்டுமானத்தின் தடயம் கிடைத்த செய்தி 2013-இல் வந்தது.

வெளியே அசோகர் தூண். எனக்கு அங்கே பிடித்தது அதுதான். பட்டம் கட்டி இருபதாம் ஆண்டில் தானே வந்து வணங்கியதாகவும், சாக்கியமுனி இங்கே பிறந்ததால் லும்பினி கிராமத்துக்கு வரியைக் குறைத்து எட்டில் ஒரு பங்காக்கியதாகவும் பிராமி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார். கல்வெட்டை 1896-இல்தான் மறுபடி கண்டெடுத்தார்கள். பெரிய சக்கரவர்த்தி ஒருவர் சாமி கும்பிட வந்து, ஊர்க்காரனுக்கு வரியைக் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்! பக்கத்துப் புஷ்கரணிக் கரையில், கொடிகள் கட்டிய அரச மரத்தடியில் பிக்குகள் ஓதுவார்கள். அங்கே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். பேக்கேஜ் பஸ்கள் வருவதற்குள் அந்த இடம் உங்களுடையது.

அப்புறம் விகாரைகள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வகுத்த திட்டப்படி, வடக்கு தெற்காக மூன்று மைல் நீள வளாகம், நடுவில் கால்வாய். கிழக்கே இலங்கை, தாய்லாந்து, மியான்மர் போன்ற தேரவாதப் பௌத்தப் பிரிவு நாடுகள். மேற்கே சீனா, கொரியா, ஜெர்மனி என்று மகாயான, வஜ்ரயானப் பிரிவு விகாரைகள். வடக்குக் கோடியில் வெள்ளை உலக அமைதி ஸ்தூபி. நடந்து முடிக்கிறேன் என்று வீம்பு வேண்டாம், ஈ-ரிக்‌ஷா பேசுங்கள். மதியத்தில் பல விகாரைகள் பூட்டியிருக்கும், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுங்கள்.

உடம்பு ஒத்துழைத்தால் மூன்றாம் நாள் காலையில் மேற்கே, புத்தர் வளர்ந்த கபிலவஸ்து என்று சொல்கிற திலௌராகோட் போய் வந்து, அப்புறம் எல்லைக்குத் திரும்பலாம். சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறியதாகச் சொல்லும் கிழக்கு வாசலின் செங்கல் மிச்சம் அங்கே இருக்கிறது. கபிலவஸ்து அது இல்லை, இந்தியப் பக்கத்துப் பிப்ரஹவாதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் கட்சி சேரவில்லை.

குசிநகரைத் திரும்பும்போது வையுங்கள். கோரக்பூருக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரே நாளில் போய் வரலாம். ஆறு மீட்டர் நீளத்தில் சாய்ந்திருக்கிற பரிநிர்வாணப் புத்தரைப் பார்ப்பது ஒரு பக்கம். எல்லையில் ஏதாவது இழுத்தடித்தால் அந்த நாளைத் தியாகம் செய்து ரயிலைப் பிடித்துவிடலாம் என்பது இன்னொரு பக்கம். இவ்வளவு தூரம் தாங்காத பெரியவர்களை அம்பலப்புழை பக்கம் கருமாடிக்குக் கூட்டிப் போங்கள். பாதி உடைந்த கருங்கல் புத்தர் அங்கே இருக்கிறார், அவரைப் பார்க்க எந்த அட்டையும் வேண்டாம்.

மீந்த நேபாள நோட்டை பெலஹியாவிலேயே மாற்றிவிடுங்கள். கோரக்பூர் டீக்கடையில்கூட அது செல்லாது, ஒலவக்கோட்டில் கேட்கவே வேண்டாம்.